ஏற்றுமதித் தடை, காப்பு வரி, பக்கத்து நாட்டு வியாபாரம்: சென்னை வணிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை, வங்கதேசம், நேபாளம், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளோடு சரக்கு வாங்கி விற்பவர்களுக்காகவும், அந்த வியாபாரத்தில் இறங்க நினைப்பவர்களுக்காகவும் எழுதியது. கொள்கை பற்றிய பேச்சைச் சுருக்கி, நடைமுறையை விரித்திருக்கிறோம்.

காப்புக் கொள்கை என்றால் இறக்குமதி வரியை ஏற்றுவது மட்டும்தானா?

இல்லை. இறக்குமதி வரி கண்ணுக்குத் தெரிகிற வழி, அவ்வளவுதான். நம் பகுதியில் அதைவிட அதிகம் வலிப்பவை வேறு. ஏற்றுமதித் தடை, ஏற்றுமதி வரி, குறைந்தபட்ச ஏற்றுமதி விலை, குறைந்தபட்ச இறக்குமதி விலை, 'இந்தத் துறைமுகம் வழியாக மட்டும்' என்ற கட்டுப்பாடு, தரக் கட்டுப்பாட்டு ஆணை எல்லாம் இதே குடும்பம்தான்.

தரக் கட்டுப்பாட்டு ஆணை உள்ள பொருளுக்கு, விற்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் அவருடைய தொழிற்சாலைக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) உரிமம் வேண்டும். வரி பூஜ்யமாக இருந்தாலும் உரிமம் இல்லையென்றால் சரக்கு உள்ளே வராது. நேபாளத்து சிமென்ட், பிளைவுட், காலணித் தொழிற்சாலைகள் இந்த உரிமத்தைப் புதுப்பிக்கத்தான் தவித்தன.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இறக்குமதி வரி உள்ளூர் உற்பத்தியாளரைக் காக்கிறது. வெங்காயத்துக்கும் அரிசிக்கும் நாம் போடும் ஏற்றுமதித் தடை உள்ளூர் நுகர்வோரைக் காக்கிறது, அதற்கான விலையை உள்ளூர் விவசாயி கொடுக்கிறார். கோயம்பேட்டில் விலை இறங்கினால் நாசிக்கில் யாரோ அழுகிறார் என்று பொருள்.

வெங்காயத்துக்கு எத்தனை முறைதான் தடை போட்டார்கள்?

2019 முதல் நடந்தவற்றை மட்டும் பார்ப்போம். 2019 செப்டம்பர் 29 அன்று தடை, 2020 மார்ச்சில் நீக்கம். 2020 செப்டம்பர் 14 அன்று மறுபடி தடை, 2021 ஜனவரி 1 அன்று நீக்கம். 2023 ஆகஸ்ட் 19 அன்று 40% ஏற்றுமதி வரி. அது போதவில்லை என்று அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச விலை. அதுவும் போதாமல் டிசம்பர் 8 முதல் முழுத் தடை. 2024 மே 4 அன்று தடை நீங்கியது, ஆனால் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40% வரியும் இருந்தன. செப்டம்பர் 13 அன்று குறைந்தபட்ச விலை போய், வரி 20% ஆனது. 2025 ஏப்ரல் 1 முதல் வரியும் இல்லை.

வாங்குபவர் பக்கம் நின்று இதைப் படித்துப் பாருங்கள். கொழும்பிலோ டாக்காவிலோ இருக்கும் மொத்த வியாபாரி இந்தியாவை நம்பி மூன்று மாத ஒப்பந்தம்கூடப் போட முடியாது. விலை ஏற்றத்தைவிட இந்த நிச்சயமின்மைதான் அவர்களை வேறு இடம் தேட வைத்தது. 2019 அக்டோபரில் டெல்லி வந்த அன்றைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வேறு எங்காவது வாங்கியிருப்போமே என்று மேடையிலேயே கேட்டார். கேட்டது நியாயம்தான்.

பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்குத் தனி விதி உண்டா?

அவ்வப்போது உண்டு. சிறிதாக, காரமாக இருக்கும் இந்த வகையை உள்ளூரில் பெரிதாக வாங்க ஆளில்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்தான் அதன் சந்தை. எனவே அதைத் தடுத்தால் உள்ளூர் விலை குறையப்போவதும் இல்லை. 2020 தடையின்போது, அக்டோபரில் பெங்களூர் ரோஸுக்கும் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கும் தலா 10,000 டன் அனுமதித்தார்கள். அதுவும் சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும். 2023 செப்டம்பரில் பெங்களூர் ரோஸுக்கு 40% வரியிலிருந்து விலக்கு கிடைத்தது.

இரண்டு முறையும் தோட்டக்கலைத் துறையின் சான்று கட்டாயம். வகையையும் அளவையும் அந்தச் சான்று சொல்ல வேண்டும். சான்றில் ஒரு எடை, ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஏற்றுமதிப் படிவம்) வேறு எடை என்றால் சரக்கு அங்கேயே நின்றுவிடும். பெல்லாரியோடு கலந்து மூட்டை கட்டினால், பரிசோதனையில் பிரித்துப் பார்த்து மொத்தத்தையும் நிறுத்துவார்கள்.

தடை வந்த அன்று என் சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது. அனுப்ப முடியுமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதில் அந்த அறிவிக்கையின் வாசகத்தில் இருக்கும். 2023 ஜூலையில் வெள்ளை அரிசிக்கும் டிசம்பரில் வெங்காயத்துக்கும் வந்த அறிவிக்கைகளில் விதிவிலக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று, அறிவிக்கைக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்:

1. சரக்கு கப்பலில் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும்.
2. ஷிப்பிங் பில் தாக்கலாகி, கப்பல் இந்தியத் துறைமுகத்தில் கட்டப்பட்டோ நங்கூரமிட்டோ, அதற்கு ரொட்டேஷன் எண் (கப்பலின் அந்தப் பயணத்துக்கான பதிவு எண்) ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.
3. சரக்கு சுங்கத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, அவர்களுடைய கணினியில் பதிவாகியிருக்க வேண்டும்.

மாதவரத்திலோ மணலியிலோ உள்ள சிஎஃப்எஸ் (கண்டெய்னர் சரக்கு நிலையம்) வாசலில் லாரி நிற்பது 'ஒப்படைப்பு' ஆகாது. உள்ளே இறக்கி, சரக்கு வந்து சேர்ந்த பதிவு கணினியில் விழுந்திருக்க வேண்டும். தடை பற்றிய பேச்சு அடிபடும் வாரத்தில் செய்ய வேண்டியது இதுதான்: ஷிப்பிங் பில்லை முதலில் போடுங்கள், சரக்கை அன்றே உள்ளே கொண்டுபோங்கள், பதிவு ஆன நேரம் தெரியும்படி ஐஸ்கேட் (சுங்கத்துறையின் இணையதளம்) திரையை அச்செடுத்து வையுங்கள். ரொட்டேஷன் எண்ணை ஷிப்பிங் லைனிடம் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் கேட்ட எண்ணைக் கஸ்டம்ஸ் ஹவுஸில் காட்ட முடியாது.

மூன்றிலும் சேரவில்லை என்றால் 'பேக் டு டவுன்' ஒன்றே வழி: ஷிப்பிங் பில்லை ரத்து செய்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு சரக்கை வெளியே எடுப்பது. தயங்காதீர்கள். நாளுக்கு நாள் சிஎஃப்எஸ் வாடகையும் கண்டெய்னருக்கான டிடென்ஷனும் (தாமதக் கட்டணம்) ஏறும். காற்றோட்டம் இல்லாத கண்டெய்னரில் வெங்காயம் சென்னை வெயிலில் ஒரு வாரம் நின்றால், எடுத்து விற்கவும் ஒன்றும் மிஞ்சாது.

எல்சி (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) கையில் இருந்தால் தடை பொருந்தாது என்கிறார்களே?

பாதி உண்மை. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023, பத்தி 1.05 அப்படி ஒரு பாதுகாப்பு தருகிறது. தடைக்கு முன் திறக்கப்பட்ட, திரும்பப்பெற முடியாத எல்சி இருந்தால், அதன் காலக்கெடுவுக்குள், அதில் மீதமுள்ள அளவுக்கு மட்டும் அனுப்பலாம். ஆனால் தடை வந்த 15 நாளுக்குள் அந்த எல்சியை டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) மண்டல அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னைக்கு அது நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ளது.

மீதிப் பாதி: 'பத்தி 1.05 இதற்குப் பொருந்தாது' என்று அறிவிக்கையிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. மேலே சொன்ன அரிசி, வெங்காய அறிவிக்கைகள் இரண்டிலும் அந்த வரி இருந்தது. முன்பணம் வாங்கி அனுப்புபவர்களுக்கும் எல்சி இல்லாமல் ஒப்பந்தம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பத்தி எப்போதுமே உதவாது.

ஏற்றுமதி வரி எந்தத் தேதி விகிதத்தில்? யார் கட்டுவது?

சுங்கச் சட்டம் பிரிவு 16-ன்படி, 'லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர்' (சரக்கை ஏற்றச் சுங்கத்துறை தரும் அனுமதி) கிடைக்கும் நாளின் விகிதம். ஷிப்பிங் பில் போட்ட நாள் அல்ல. திங்கள் பில் போட்டு, செவ்வாய் வரி வந்து, புதன் ஆர்டர் கிடைத்தால் புதன்கிழமை விகிதம்தான். இறக்குமதியில் பிரிவு 15: பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் படிவம்) தாக்கல் செய்த நாள், அதை முன்கூட்டிப் போட்டிருந்தால் கப்பலுக்கு உள்வரவு அனுமதி கிடைத்த நாள்.

ஒரு கணக்கு. 28 டன் வெங்காயம், குறைந்தபட்ச விலையான 550 டாலருக்கு: எஃப்ஓபி மதிப்பு (கப்பலில் ஏற்றும் வரையான விலை) 15,400 டாலர். அதன்மேல் 40% என்றால் 6,160 டாலர். ஆக டன் 770 டாலருக்குக் குறைந்து கப்பலேறாது. 2024 மே மாதம் தடை நீங்கியும் ஏற்றுமதி சூடு பிடிக்காததற்குக் காரணம் இந்தக் கணக்கே.

எஃப்ஓபி, சிஐஎஃப் (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை) எதுவானாலும் இன்கோடெர்ம்ஸ் என்ற சர்வதேச வணிக விதிப்படி ஏற்றுமதி வரி விற்பவர் தலையில். வாங்குபவரைக் கட்ட வைக்க வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே 'இன்று இல்லாத வரி பின்னால் வந்தால் வாங்குபவர் கணக்கு' என்று எழுதுங்கள். வரி வந்த பிறகு தனியாக டெபிட் நோட் அனுப்பி வசூலித்தால், அந்தத் தொகையும் சரக்கின் மதிப்பில் சேராதா என்று சுங்கத்துறை கேள்வி எழுப்பும்.

2023-ல் பொன்னி அரிசி விஷயத்தில் என்ன குழப்பம்?

ஜூலை 20 அன்று தடையானது பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி, அதாவது நம் பச்சரிசி. புழுங்கலுக்குத் தடை இல்லை, ஆகஸ்ட் 25 முதல் 20% வரி மட்டும். எனவே ஒரே பொன்னி நெல், அவித்தால் வரியோடு போகும், அவிக்காவிட்டால் போகாது. இட்லி அரிசி அனுப்புபவர்கள் தப்பித்தார்கள், பொங்கலுக்கான பச்சரிசி அனுப்புபவர்கள் மாட்டினார்கள். புழுங்கல் என்று எழுதிப் பச்சரிசி ஏற்றப் பார்த்தவர்களும் உண்டு. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும்.

பக்கத்து நாடுகளுக்கு அரசு வழியில் ஒரு சன்னல் திறந்திருந்தது. 2023 ஆகஸ்ட் 30 அறிவிக்கையில் பூட்டானுக்கு 79,000 டன், சிங்கப்பூருக்கு 50,000 டன், மொரீஷியஸுக்கு 14,000 டன். பிறகு நேபாளம், மலேசியா. இவை போனது என்சிஇஎல் என்ற தேசியக் கூட்டுறவு நிறுவனம் வழியாக. நீங்கள் நேரடி ஏற்றுமதியாளராக அதில் நுழைய முடியாது, சரக்குக் கொடுப்பவராக மட்டுமே முடியும். தடை 2024 செப்டம்பர் இறுதியில் நீங்கியது. டன்னுக்கு 490 டாலர் என்ற குறைந்தபட்ச விலை அடுத்த மாதம் போனது.

தடை போட்டால் பக்கத்து நாடு தவிக்கும், பிறகு நம்மிடமே திரும்பி வருமல்லவா?

முதல் சில வாரங்கள் தவிக்கும். முழுதாகத் திரும்பி வருவதில்லை. வங்கதேசம் வெங்காயத்துக்கு மியான்மர், பாகிஸ்தான், சீனா, துருக்கி, எகிப்து என்று தேடிப் போனது, உள்ளூர்ச் சாகுபடியையும் கூட்டியது. மாடு இன்னும் தெளிவான உதாரணம். 2014-க்குப் பிறகு இந்தியா எல்லையில் மாடு போவதை இறுக்கிப் பிடித்தது. அங்கே ஊருக்கு ஊர் மாட்டுப் பண்ணை முளைத்தது. சில ஆண்டுகளில் பக்ரீதுக்கு இந்திய மாடு தேவையில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சந்தை இனி நமக்கில்லை.

இது நம் பகுதிக்கு மட்டும் உரியதல்ல. 1930-ல் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் வரியை ஏற்றியபோது, சட்டம் கையெழுத்தாகும் முன்பே கனடா 16 அமெரிக்கப் பொருள்களுக்கு வரியை உயர்த்தியது. 1932-ல் ஒட்டாவாவில் கூடி, பிரிட்டிஷ் பேரரசு நாடுகளோடு சலுகை வரி பேசி முடித்தது.

இலங்கையும் நமக்கு எதிராக இதையே செய்யவில்லையா?

செய்தது, செய்கிறது. அங்கே பெரிய வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் சிறப்புப் பண்ட வரி உண்டு. தம்புள்ளை பக்கம் அறுவடை வரும் மாதங்களில் அதை ஏற்றுவார்கள். இரவில் வர்த்தமானி (அரசிதழ்) வந்து மறுநாள் அமலாகும். உங்கள் கப்பல் கடலில் இருக்கும்போதே வரி மாறலாம் என்பதால், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கொழும்புக்கு 'சேரும் விலை' (அங்குள்ள வரியும் சேர்ந்த விலை) என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மஞ்சள் கதை வேறு மாதிரி. உள்ளூர் விவசாயிக்காக இறக்குமதியை நிறுத்தினார்கள். விலை பல மடங்கு ஏறியது, மாவு கலந்த மஞ்சள் தூள் சந்தைக்கு வந்தது, ஈரோட்டு மஞ்சள் கண்டெய்னருக்குப் பதில் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து படகில் போனது. 2020, 2021-ல் பிடிபட்ட மூட்டைகள் பற்றிய செய்தி வராத வாரம் அரிது. தேவை அப்படியே இருக்க வழியை மட்டும் அடைத்தால், வரி கட்டி விற்றவர் வெளியே போகிறார், படகு வைத்திருப்பவர் உள்ளே வருகிறார்.

ஆனால் காப்பு எல்லாருக்கும் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. 1970 முதல் 77 வரை இலங்கை மிளகாய், வெங்காய இறக்குமதியை நெருக்கியபோது யாழ்ப்பாணத்து விவசாயி தலை நிமிர்ந்தார். 1977-ல் கதவு திறந்ததும் முதலில் விழுந்தவரும் அவரே. கொள்கை மாறும் வேகம்தான் ஆளைச் சாய்க்கிறது.

இலங்கையோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே? பிறகும் கொழும்பில் ஏன் வரி கேட்கிறார்கள்?

1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலான அந்த ஒப்பந்தம் சுங்க வரியை மட்டும்தான் தொடுகிறது. செஸ், 'பால்' என்று சொல்லப்படும் துறைமுக விமான நிலைய வரி, வாட் எல்லாம் வெளியே. சுங்க வரி பூஜ்யம் என்ற நினைப்பில் விலை சொல்பவர்கள் மாட்டுவது இங்கேதான். விலை சொல்வதற்கு முன் உங்கள் எச்எஸ் கோடை (சரக்கின் சுங்க வகைப்பாட்டு எண்) வாங்குபவரிடம் கொடுத்து, அங்குள்ள கிளியரிங் ஏஜென்டிடம் எல்லா வரிகளையும் தனித்தனியாக எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

இலங்கையிலிருந்து மிளகு வரவழைக்கலாமா?

வரவழைக்கலாம், இரண்டு வேலிகளைத் தாண்டி. ஒன்று விலை. 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. மார்ச் 2018-ல் அதற்குக் கீழே இறக்குமதிக்கே தடை என்று இறுக்கியது. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்பது குடகு, கேரளத் தோட்டக்காரர்களின் புகார். அடி விழுந்தது உண்மையான இலங்கை மிளகுக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, மூலச் சான்றிதழ், அதாவது பொருள் எந்த நாட்டுடையது என்பதற்கான சான்று. ஒப்பந்தச் சலுகை கேட்டால் 'கரோட்டார்' எனப்படும் 2020 விதிகள் பொருந்தும். 2020 செப்டம்பர் 21 முதல், சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. பொருள் அங்கே எப்படி விளைந்தது, எப்படித் தயாரானது என்ற தகவலை முதலாம் படிவத்தில் இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். தயாரித்த பொருள் என்றால் இலங்கையில் 35% மதிப்புக் கூட்டல். இந்திய மூலப்பொருள் கலந்திருந்தால் அங்கே 25% போதும், ஆனால் இரு நாட்டுப் பங்கும் சேர்ந்து மொத்தம் 35% வர வேண்டும்.

சான்றிதழ் நிராகரிக்கப்படும் வழக்கமான காரணங்கள் சப்பென்றவை. பில் ஆஃப் என்ட்ரியில் சான்றிதழ் எண்ணைப் பதியாமல் விடுவது. இரண்டிலும் எச்எஸ் கோடு வேறாக இருப்பது. விலைப்பட்டியல் மூன்றாம் நாட்டிலிருந்து வந்ததைச் சான்றிதழில் சொல்லாதது. கப்பலேறிய பின் வழங்கிய சான்றிதழில், அப்படிப் பின்னால் வழங்கியது என்ற குறிப்பு இல்லாதது. நான்கையும் கப்பல் கிளம்பும் முன் ஒரு ஸ்கேன் பிரதி வாங்கிப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

வங்கதேசத்து ஆயத்த ஆடை சென்னைத் துறைமுகத்தில் இறங்குமா?

2025 மே 17 அறிவிக்கையின்படி இல்லை. நவசேவா (மும்பை அருகே), கொல்கத்தா என்ற இரண்டு கடல் துறைமுகங்கள் மட்டும், தரைவழி எதுவும் கிடையாது. சென்னை இறக்குமதியாளர் நவசேவாவில் சுங்க வேலையை முடித்து, சாலையிலோ ரயிலிலோ கொண்டுவர வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் மலிவான டி-ஷர்ட்டில் லாபம் நிற்பது கடினம்.

அதற்கு ஒரு மாதம் முன்பு வங்கதேசம் இந்திய நூலைத் தரைவழியாக எடுப்பதை நிறுத்தியது. கடல்வழி திறந்தே இருக்கிறது. வடக்கே பெனாபோல் எல்லைச் சாவடி வழியாக அனுப்பியவர்களுக்கு அது பெரிய அடி, தூத்துக்குடியிலிருந்து சட்டோகிராமுக்கு (சிட்டகாங்) கப்பலில் அனுப்பும் நம் மில்களுக்குச் சிறிய அடி. அங்குள்ள நூற்பாலைகள் கேட்டு வாங்கிய கட்டுப்பாடு இது. அங்குள்ள பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் அதை விரும்பவில்லை.

உலக வர்த்தக அமைப்பில் புகார் செய்ய முடியாதா?

அரசு மட்டுமே செய்ய முடியும், ஆண்டுக்கணக்கில் ஆகும். அதோடு, உணவுத் தட்டுப்பாட்டைத் தடுக்கத் தற்காலிக ஏற்றுமதித் தடையை காட் என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்தின் 11-ஆம் விதியே அனுமதிக்கிறது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் உள்ள வளரும் நாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்த 18-ஆம் விதி இடம் தருகிறது. ஏற்றுமதி வரிக்குப் பொதுவான தடையே இல்லை.

இசிஜிசி (அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனம்) காப்பீடு இதற்குப் பணம் தருமா?

சரக்கு கிளம்பிய பிறகு வாங்குபவர் நாடு புதிதாக இறக்குமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தால், அது அரசியல் இடர் வகையில் வரும். வழக்கமான பாலிசி கப்பலேறிய நாளிலிருந்துதான் தொடங்குகிறது. இந்தியாவே தடை போட்டுச் சரக்கு சிஎஃப்எஸ்ஸில் நின்றால் அதில் பணம் வராது.

அறிவிக்கைகளை எங்கே, எப்போது பார்ப்பது?

இரண்டு இடங்கள். தடை, குறைந்தபட்ச விலை, துறைமுகக் கட்டுப்பாடு டிஜிஎஃப்டி தளத்தில். வரி விகிதம் சிபிஐசி என்ற மறைமுக வரி, சுங்க வாரியத்தின் தளத்தில். இரண்டும் வேறு அமைச்சகங்கள் என்பதால் ஒன்றில் வந்தது மற்றதில் இருக்காது. பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ வெளியாகும், பல நேரம் வெள்ளி, சனிக்கிழமைகளில். வெங்காயத்துக்கு 40% வரி போட்ட 2023 ஆகஸ்ட் 19 ஒரு சனிக்கிழமை. வார இறுதியில் லெட் எக்ஸ்போர்ட் ஆர்டருக்காகக் காத்திருக்கும் சரக்கு இருந்தால், உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் சனிக்கிழமை இரவும் ஒரு முறை பார்த்துச் சொல்லும்படி கேட்டு வையுங்கள்.